லைட் எரியுது, சத்தம் வரலை: கேமிங் ஹெட்போன் கேள்வி-பதில்

பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலவும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன. ஹெட்போனை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதன் வயர் நுனியில் உள்ள பின்னை எங்கே செருகுவது என்று தேடுகிறார்கள். எதில் விளையாடுகிறீர்கள், அதில் என்ன துளை இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பிராண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மடிவாளாவில் பி.ஜி. விடுதியில் இருக்கேன். லேப்டாப்பில் வாலரன்ட் (துப்பாக்கிச் சண்டை கேம்) ஆடுறேன். பட்ஜெட் 2,000 ரூபாய். 50 எம்எம் டிரைவர், 7.1, ஆர்ஜிபி எல்லாம் போட்ட ஹெட்செட் இந்த விலைக்கே கிடைக்குது. வாங்கலாமா?

அந்த மூன்றுக்காக என்றால் வேண்டாம். 50 எம்எம் என்பது டிரைவரின், அதாவது கப்புக்குள் சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கரின், அகலம். அகலம் கூடினால் தரமும் கூடும் என்று ஒரு விதியும் இல்லை. 7.1 (சுற்றிலும் பல ஸ்பீக்கர் இருப்பது போன்ற ஒலி) என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பெரும்பாலும் கப்புக்கு ஒரு டிரைவர்தான் உள்ளே இருக்கும், மீதியெல்லாம் மென்பொருள் வேலை. அந்த வேலையை விண்டோஸும் கேமும் இலவசமாகவே செய்கின்றன. ஆர்ஜிபி விளக்கோ உங்கள் தலையில் எரிகிறது. அதை ரசிப்பவர் பக்கத்துக் கட்டில்காரர்.

2,000 ரூபாய்க்கு இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, காதுக்குள் செருகும் வயர் வைத்த ஐ.இ.எம். கே.இசட், மூன்டிராப் போன்றவற்றின் ஆரம்ப மாடல்கள் மைக்கோடு 800 முதல் 1,800 ரூபாய்க்குள் கிடைக்கும். காதை அடைத்துக்கொள்வதால் ஃபேன் சத்தமும் அறைத்தோழரின் போன் பேச்சும் குறையும், அதனால் வால்யூமை ஏற்ற வேண்டியிருக்காது. தலையில் பாரமில்லை, காது வேர்க்காது. குறை மைக்கில்தான்: அது வயரில் தொங்குகிறது, சட்டைக் காலரில் உரசினால் கரகரவென்று கூட விளையாடுபவருக்குக் கேட்கும். வயரை ஒரு கிளிப்பால் சட்டையோடு பிடித்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது, காஸ்மிக் பைட், ரெட்கியர், ஈவோஃபாக்ஸ் வகை ஹெட்செட். இதில் பார்க்க வேண்டியவை: வாய் அருகே வரும் தண்டு மைக், 300 கிராமுக்குக் குறைவான எடை, காதை முழுக்க மூடும் அளவு பேட், 3.5 எம்எம் பின். இந்த விலையில் பேஸை, அதாவது கனமான அடிச்சத்தத்தை, தூக்கி வைத்திருப்பார்கள். துப்பாக்கி வெடிப்பு நெஞ்சில் இடிக்கும், பின்னாலேயே வருபவனின் காலடி அதில் அமுங்கிப்போகும். வாலரன்டுக்கு இது நேர் எதிரான குணம். ஈக்வலைசரில் (ஒலியைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்கும் அமைப்பு) 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 அல்லது 4 டெசிபல் இறக்கிவிட்டு, 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 2 டெசிபல் ஏற்றிப் பாருங்கள்.

பி.ஜி. என்பதால் என் ஓட்டு ஐ.இ.எம்முக்கு. ரப்பர் முனை மூன்று அளவில் வரும். பேஸே இல்லாமல் தகர டப்பா போலக் கேட்டால் ஐ.இ.எம்மைத் திட்டாதீர்கள், முனை காதில் அடைக்கவில்லை என்று அர்த்தம். ஒரு அளவு பெரியதைப் போடுங்கள். இன்னும் இரண்டு மாதம் பொறுத்து 4,000 சேர்க்க முடிந்தால் ரேசர் பிளாக்ஷார்க் வி2 எக்ஸ், ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர் 2 ஆகிய இரண்டும் அந்த வட்டாரத்தில் ஏறி இறங்கும். முன்னது 240 கிராம்தான்.

டெஸ்க்டாப்புக்கு ஹெட்செட் வாங்கினேன். யுஎஸ்பியைச் செருகினா லைட் எரியுது, சத்தம் வரலை. கூடவே ஒரு 3.5 பின் இருக்கு, அதைப் போட்டா சத்தம் வருது, மைக் வேலை செய்யலை. பீஸ் டிஃபெக்டா?

டிஃபெக்ட் இல்லை. மலிவு ஆர்ஜிபி ஹெட்செட் பலவற்றில் யுஎஸ்பி வெறும் விளக்குக்கான கரன்ட் இழுக்கத்தான். ஒலி, மைக் இரண்டும் அந்த 3.5 பின்னில் போகின்றன.

பின்னை உற்றுப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது நாலு பகுதிப் பின். முனை இடது காது, அடுத்தது வலது, அடுத்தது கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்பு கம்பி), அடிப்பகுதி மைக். டெஸ்க்டாப்பின் பச்சைத் துளைக்குள் மூன்று பகுதிக்கு மட்டுமே தொடர்பு உண்டு, மைக் கம்பி அங்கே கிரவுண்டோடு ஒட்டிக்கொள்கிறது. தீர்வு 100, 150 ரூபாய் ஒய் ஸ்பிளிட்டர். ஆனால் சரியானதைக் கேட்டு வாங்குங்கள்: ஒரு பக்கம் ஹெட்செட் நுழையும் ஒரே துளை, மறுபக்கம் ஹெட்போன், மைக் படம் போட்ட இரண்டு பின்கள். ஒரு பின்னும் இரண்டு துளையும் இருந்தால் அது இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்பதற்கானது, உங்களுக்கு உதவாது.

இன்னொரு குறிப்பு. பாட்டு போட்டால் இசை வருகிறது, பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள் போய்விடுகிறது என்றால் கிரவுண்ட் தொடவில்லை. பின் அரைகுறையாக நுழைந்திருக்கும். இரண்டு காதுக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால்தான் குரல் காணாமல் போகிறது. கடைசி வரை அழுத்திச் செருகினால் பாடகர் திரும்பி வந்துவிடுவார்.

மவுஸை நகர்த்தினா காதுக்குள்ள கிர்ர்ருன்னு ஒரு சத்தம்.

டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளையில் செருகியிருந்தால், அதன் வயர் கேபினட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டை உரசிப் போகும். பின்பக்கத் துளைக்கு மாற்றுங்கள். அங்கும் வந்தால் சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு போதும். லேப்டாப்பாக இருந்து, சார்ஜரைக் கழற்றியதும் சத்தம் நின்றால், சுவர் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். அது காதுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை.

போனில் ஆடும் பிஜிஎம்ஐ கேமுக்கு ப்ளூடூத் இயர்பட்ஸ். 'கேமிங் மோட் 40 எம்எஸ்'னு போட்டிருக்கு. ஆனாலும் சுட்டதுக்கு அப்புறம்தான் சத்தம் வருது. மைக் ஆன் பண்ணா சத்தமே பழைய ரேடியோ மாதிரி ஆயிடுது.

இரண்டும் தனித்தனி நோய். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி போய்ச் சேர 150 முதல் 250 மில்லிவினாடி வரை ஆவது சகஜம். கேமிங் மோட் அதைக் குறைக்கும்தான், ஆனால் பெட்டியில் போட்ட எண் உங்கள் போனில் அப்படியே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். போன் தன் பங்குக்குச் சேர்க்கும் தாமதம் அந்தக் கணக்கில் வருவதில்லை. பாட்டுக்கும் படத்துக்கும் இது தெரியாது, ஏனென்றால் வீடியோ ஆப்கள் படத்தையும் அதே அளவு தள்ளிப் போட்டுவிடும். கேமில் அப்படித் தள்ள முடியாது.

மைக் கதை வேறு. ப்ளூடூத்தில் மைக்கைத் திறந்தவுடன் இணைப்பு 'பாட்டு' நிலையிலிருந்து 'போன் கால்' நிலைக்கு இறங்குகிறது. ஸ்டீரியோ போய் மோனோ ஆகிறது, அதோடு எந்தப் பக்கம் காலடி என்பதும் போய்விடும். விளையாட்டில் மைக்கை அணைத்தால் திரும்பி வரும். லேப்டாப்பிலும் இதே கதைதான்.

வயர்தான் உறுதியான மருந்து. போனில் 3.5 துளை இல்லையென்றால் டைப்-சி கன்வெர்ட்டரில் 'டாக்' (டிஜிட்டல் சிக்னலை ஒலிக்கான சிக்னலாக மாற்றும் சிப்) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். 80 ரூபாய் வெற்றுக் கன்வெர்ட்டர் பல போன்களில் ஊமையாகக் கிடக்கும். ஆப்பிளின் டைப்-சி கன்வெர்ட்டர் தரமானது, ஆனால் ஆண்ட்ராய்டு போன் பலவற்றில் சத்தம் மெலிந்து வரும். வயரே ஆகாது என்பவர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்) வைத்த ஹெட்செட் உண்டு, தாமதம் உணரும்படி இருக்காது. லாஜிடெக் ஜி435 அப்படிப்பட்டது, எடை 165 கிராம். தண்டு மைக் மட்டும் அதில் இல்லை.

காலடிச் சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னே புரியலை. முன்னாடி இருக்கறவன் பின்னாடி கேக்கறான்.

திசை காட்டும் ஒரே வேலையைக் கேமும் வேறொரு மென்பொருளும் சேர்ந்து செய்கின்றன. வாலரன்ட் அமைப்பில் ஆடியோ பக்கத்தில் ஸ்பீக்கர் வகையை ஸ்டீரியோ என்று வைத்து, எச்ஆர்டிஎஃப் (ஹெட்போனில் திசை உணர்த்தும் வசதி) என்பதை ஆன் செய்யுங்கள். பிறகு விண்டோஸின் ஸ்பேஷியல் சவுண்ட், ஹெட்செட் மென்பொருளின் 7.1, லேப்டாப் கம்பெனி போட்டுத் தந்த ஒலி மேம்பாட்டு ஆப் மூன்றையும் அணையுங்கள். கேமில் அந்த வசதியே இல்லாதபோது மட்டும் ஸ்பேஷியல் சவுண்டில் உள்ள விண்டோஸ் சோனிக்கை ஆன் செய்தால் போதும், அது இலவசம். ஒன்றுதான் இருக்க வேண்டும், எது என்பது இரண்டாம் பட்சம். அப்புறம், கேட்கக் கூச்சமாக இருக்கிறது: இடது கப் இடது காதில்தானே இருக்கிறது?

பையனுக்குப் பத்து வயசு. வீட்டில் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன்) இருக்கிறது. ப்ளூடூத் ஹெட்போன் சேரவே மாட்டேன் என்கிறது. எது வாங்கலாம்? காது கெட்டுப்போகாதா? (கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு அம்மா)

பிஎஸ்5 சாதாரண ப்ளூடூத் ஹெட்போனை ஏற்காது அம்மா, உங்கள் ஹெட்போனில் கோளாறில்லை. கன்ட்ரோலரின் கீழ்விளிம்பில் 3.5 துளை இருக்கிறது. போனோடு வந்த பழைய வயர் இயர்போனைச் செருகினாலே சத்தமும் மைக்கும் வந்துவிடும். பிஎஸ்5இன் 3டி ஆடியோவும் அதிலேயே வேலை செய்யும், தனியாகச் செலவு தேவையில்லை.

காது விஷயத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடினால் அனுமதி நேரம் பாதியாகும். வீட்டில் மீட்டர் இருக்காது, எனவே எளிய சோதனை: பையன் விளையாடும்போது ஒரு கை நீளத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசுங்கள். திரும்பிப் பார்க்கவில்லை என்றால் சத்தம் அதிகம் (வேண்டுமென்றே திரும்பாமல் இருப்பது தனி வகை). வயர்லெஸ்தான் வேண்டுமென்றால் மேலே சொன்ன ஜி435, டாங்கிள் மூலம் பிஎஸ்5இல் சேரும். சத்தத்தை 85 டெசிபலுக்குள் கட்டும் வசதியும் அதில் உண்டு. ஆனால் 85 என்பதும் பத்து வயதுக்கு மணிக்கணக்கில் ஆகாது.

கண்ணாடி போடுறவன். ஒரு மணி நேரத்தில் காதோரம் வலிக்குது. பேட் வேற உரிஞ்சு கறுப்புத் தூள் கொட்டுது.

பிடி இறுக்கம். ஹெட்பேண்டின் உள்ளே எஃகுப் பட்டை உள்ள மாடலானால், தலையைவிட ஒரு விரல் அகலம் கூடுதலான புத்தக அடுக்கின் மேல் மாட்டி ஓரிரவு விடுங்கள். வெறும் பிளாஸ்டிக் பேண்டுக்கு இதைச் செய்தால் விரிசல்தான் விழும். செயற்கைத் தோல் பேட் வியர்வையில் உரியத்தான் செய்யும். பேட் தனியாகக் கிடைக்கிறது, உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் ஸ்கேலால் அளந்துகொண்டு வாங்குங்கள். துணி பேட் கண்ணாடித் தண்டுக்கு மெத்தென்று இருக்கும், பேஸ் சற்றுக் குறையும்.

நான் பேசினா ஃபேன் சத்தம்தான் கேக்குதாம்.

மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். விண்டோஸில் மைக் பூஸ்ட் 20 டெசிபலுக்கு மேல் இருந்தால் இறக்குங்கள். விளையாடும்போது பேசுவதற்கான டிஸ்கார்ட் ஆப்பில் கிரிஸ்ப் என்ற இரைச்சல் நீக்கியை ஆன் செய்யுங்கள். ஃபேன் காற்று நேரே மைக்கில் அடித்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது, நாற்காலியைத் திருப்புங்கள்.

ஒரு பக்கம் சத்தம் போயிடுச்சு. வயரைப் பிடிச்சா வருது, விட்டா போகுது. வாரன்டியும் முடிஞ்சது. எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சரி பண்ணலாமா?

நீங்களே செய்யலாம். பின்னுக்கு அருகிலும் கப்புக்குள் நுழையும் இடத்திலும்தான் வயர் முறியும். பாட்டு ஓடும்போது விரல் விரலாக வளைத்துக்கொண்டே வந்தால் முறிந்த இடம் காட்டிக்கொடுக்கும். பின்னுக்கு அருகில் என்றால் அதிலிருந்து நாலு சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். எஸ்.பி. ரோட்டில் நாலு பகுதி 3.5 பின், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், சுருங்கும் குழாய் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும்.

எல்லாரும் மறப்பது: புதுப் பின்னின் மூடியை முதலில் வயரில் கோத்துவிடுங்கள். சால்டர் செய்த பிறகு அது நுழையாது. உள்ளே இருக்கும் கம்பிகளில் நிறம் என்று தெரிவது லாக்கர் பூச்சு. அது உரியாமல் ஈயம் ஒட்டாது. அயர்ன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, கம்பி நுனியை அதில் முக்கிப் பிடியுங்கள். மெல்லிய புகை வந்து கம்பி வெள்ளியாக மின்னினால் தயார். இழைகளுக்கு நடுவே நூல் இருந்தால் வெட்டி எடுங்கள், அது கருகி ஈயத்தைத் தள்ளிவிடும். புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எந்தக் கம்பி எது என்பதற்கு நிறத்தை நம்பாதீர்கள். வழக்கமாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட். ஆனால் மலிவு வயரில் எதுவும் நடக்கும். மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளக்கும் நிலையில்) வையுங்கள். 32 ஓம் ஹெட்போனில் கிரவுண்டுக்கும் இடதுக்கும் சுமார் 32, கிரவுண்டுக்கும் வலதுக்கும் அதே, இடதுக்கும் வலதுக்கும் நடுவே சுமார் 64 காட்டும். தொடும்போது எந்தக் கப்பில் 'டிக்' என்று கேட்கிறதோ அந்தப் பக்கம். மிச்சமிருப்பது மைக்.

புதுசா வாங்கறவங்க எஸ்.பி. ரோடு போகணுமா, ஆன்லைனா?

தலையில் மாட்டிப் பார்க்க விடும் கடை என்றால் போய் வாருங்கள், பிடி இறுக்கம் படத்தில் தெரியாது. சிக்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம்தான். ஞாயிறு பெரும்பாலான கடைகள் பூட்டு. தமிழில் பேரம் பேசினாலும் நடக்கும், கடைசி வரியை மட்டும் கன்னடத்தில் சொல்லுங்கள்: 'ஜிஎஸ்டி பில் பேக்கு' (பில் வேண்டும்). பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் எழுதி வாங்கினால்தான் பிராண்டின் சர்வீஸ் சென்டரில் பேச்சுக்கு இடமுண்டு. பெட்டியில் உள்ள எண்ணும் ஹெட்செட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள், போனில் செருகி இரண்டு காதையும் மைக்கையும் அங்கேயே சோதித்துவிட்டு நகருங்கள்.