இனத்தைச் சொல்லி வேலையை விட்டு நிறுத்தினால்

தம்பி, "தமிழ் ஆட்கள் இங்கே சரிவராது" என்று மனேஜர் சொல்லி நிறுத்தியதாகவும், இப்போது ராஜினாமாக் கடிதம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் 'தானாக விலகினார்' என்று சொல்லிவிடுவார்கள்.

இலங்கை அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனப் பாகுபாட்டைத் தடுக்கிறதுதான். ஆனால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடுவது அரசின் செயலுக்கு எதிராக, அதுவும் ஒரு மாதத்துக்குள். உங்களுடையது தனியார் கம்பனி. அந்த வழியில் மினக்கெட வேண்டாம்.

உங்களுக்குப் பொருத்தமான இடம், வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை (Labour Tribunal). ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இனவாதத்தை நீங்கள் நிரூபித்தே ஆக வேண்டும் என்றில்லை. நிறுத்தியதை ஒப்புக்கொண்டால், அது நியாயம் என்று காட்டுவது அவர்கள் பாடு. நிறுத்தவே இல்லை என்று சாதித்தால்தான் சிக்கல். அதனால் "நாளைக்கு வர வேண்டாம்" என்று வந்த வட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், போனையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். நடந்ததைத் திகதியோடு எழுதி, கம்பனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

15 பேராவது வேலை செய்யும் இடமா? அப்படியென்றால் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால், கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடலாம், அங்கும் ஆறு மாதம்தான். எந்த வழி என்பதை ஒரு தொழில் சட்டத்தரணியிடம் கேட்டு முடிவெடுங்கள்.

ஊழியர் சேமலாப நிதிப் (EPF) பணம் எப்படியும் உங்களுடையது. அதைக் காட்டிப் பயமுறுத்தினால் மசியாதீர்கள்.