ஸ்டீராய்டு மாத்திரையை எப்படி நிறுத்துவது? கடைசி 5 மில்லிகிராமில் அவசரம் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 48. முடக்குவாதத்துக்காக நான்கு வருடங்களாக தினமும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 மி.கி. எடுக்கிறேன். வாராவாரம் மெத்தோட்ரெக்சேட்டும் உண்டு. ஆனால் நடுநடுவே விட்டுவிடுவேன். முகம் உப்பிவிட்டது, சர்க்கரையும் வந்துவிட்டது. பயந்துபோய் இரண்டு மாதங்களுக்கு முன் ஸ்டீராய்டை நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாளே படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. வாந்தி, தலைசுற்றல், உடம்பெல்லாம் வலி. மறுபடி மாத்திரையைப் போட்டதும் சில மணி நேரத்தில் சரியானது. நான் இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து நிறுத்தலாமா? எவ்வளவு நாளாகும்?

பதில்: முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன் சகோதரி. இனி ஒருபோதும் இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். அன்று நீங்கள் பட்ட அவஸ்தை உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கக்கூடியது. மாத்திரையைத் திரும்பப் போட்டது சரியான முடிவு.

நீங்கள் எதற்கும் அடிமையாகவில்லை. சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்த அழுத்தம் விழாமல் இருப்பதற்கும், பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடாமல் இருப்பதற்கும், காய்ச்சல் வந்தால் உடம்பு தாங்குவதற்கும் இது வேண்டும். ஒரு நாளில் உடம்பு சுரக்கும் கார்டிசால், பிரெட்னிசலோன் கணக்கில் ஏறக்குறைய 4 முதல் 6 மி.கி.க்குச் சமம். நீங்கள் எடுக்கும் 10 மி.கி. அதைப்போல இரண்டு மடங்கு. வெளியிலிருந்து இவ்வளவு வருவதைப் பார்த்த மூளையும் அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும், ‘சுரந்துகொடு’ என்று அட்ரினலுக்கு அனுப்பும் ஏசிடிஎச் என்ற ஆணை ஹார்மோனை நிறுத்திவிடும். ஆணை வராத சுரப்பி மெல்ல மெல்லச் சுருங்கும். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தாலே இது தொடங்கலாம். உங்களுக்கு நான்கு வருடம். பல மாதம் மாவுக்கட்டில் கிடந்த காலைக் கட்டைப் பிரித்த அன்றே ஓடவிட்டால் என்ன ஆகுமோ, அதுதான் அந்த மூன்று நாட்களில் உங்கள் அட்ரினலுக்கு ஆனது.

மருத்துவ உலகம் இதைக் கற்றுக்கொண்டதும் முடக்குவாத நோயாளிகளிடமிருந்துதான். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் ஒரு முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். படுத்துக்கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-ல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. அடுத்த இரண்டே வருடங்களில் இன்னொரு செய்தி மருத்துவ இதழில் வந்தது. கார்டிசோன் எடுத்துவந்த ஒரு முடக்குவாத நோயாளி, இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்த அழுத்தம் மீளவே மீளாமல் இறந்துபோனார். அவருடைய அட்ரினல் சுரப்பிகள் சுருங்கிப்போயிருந்தன. இன்றும் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

இப்போது குறைக்கும் வழிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது, மெத்தோட்ரெக்சேட்டை நடுநடுவே விட்டுவிடுவேன் என்ற வரி. ஸ்டீராய்டு உங்கள் மூட்டு அழற்சியை அடக்கி வைத்திருக்கிறது. அந்த வேலையை ஏற்க இன்னொரு மருந்து தயாராக இல்லாமல் ஸ்டீராய்டைக் குறைத்தால் நோய் திரும்ப எழும்பும். மெத்தோட்ரெக்சேட் முழுதாக வேலை செய்ய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் ஸ்டீராய்டில் கை வைக்காமல், மெத்தோட்ரெக்சேட்டை (வாரத்தில் ஒரே ஒரு நாள்தான், தினமும் அல்ல) ஃபோலிக் ஆசிட்டுடன் ஒழுங்காக எடுங்கள். அதற்கான ரத்தப் பரிசோதனைகளையும் தவறவிடாதீர்கள். வாய்ப்புண், வாந்தி என்று ஏதாவது தொல்லையால்தான் விட்டீர்கள் என்றால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் நிறைய இருக்கின்றன. மூட்டு அமைதியானபின் தொடங்குவதே நல்ல தொடக்கம்.

வேகம் எவ்வளவு? 40 மி.கி. எடுப்பவருக்கு வாரம் 5 மி.கி. குறைத்தாலும் உடம்பு பெரும்பாலும் தாங்கும், நோய் அடங்கியிருந்தால். 10 மி.கி.க்குக் கீழே வந்ததும் கணக்கு மாறுகிறது. 40-லிருந்து 35 என்பது எட்டில் ஒரு பங்கு குறைப்பு, 5-லிருந்து 2.5 என்பது சரிபாதி. அதுவும் உடம்பின் அன்றாடத் தேவைக்கும் கீழே. உங்களைப் போன்றவர்களுக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்வது, நான்கு வாரத்துக்கு 1 மி.கி. என்ற கணக்கில் குறைப்பது. 10, 9, 8 என்று இறங்கி 5-க்கு வரவே ஐந்து மாதம் ஆகும். 5-ல் சில வாரங்கள் நின்று, உடம்பைப் பார்த்து, அதன்பின் இன்னும் நிதானமாக இறங்க வேண்டும். மொத்தத்தில் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். இது நீண்ட காலமாகத் தோன்றும். ஆனால் முகம், சர்க்கரை, எடை ஆகியவற்றில் வரும் முன்னேற்றத்தின் பெரும்பங்கு 10-லிருந்து 5-க்கு வரும்போதே கிடைத்துவிடும். கடைசி 5-ஐ நிறுத்துவதில் கிடைக்கும் லாபம் குறைவு, அவசரப்பட்டால் ஆபத்து அதிகம். அங்கே பொறுமையாக இருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

1 மி.கி. மாத்திரை எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் நடுவில் கோடு உள்ள 5 மி.கி. மாத்திரையை இரண்டாக உடைத்து, ஒருநாள் 10, மறுநாள் 7.5 என்று சில வாரம் எடுத்து, பிறகு தினமும் 7.5-க்கு வரலாம். குடலில் கரையும்படி மேல்பூச்சு போட்ட மாத்திரையை உடைக்கக் கூடாது. நீங்கள் கேட்டபடி ஒருநாள் விட்டு ஒருநாள், அதாவது இடைப்பட்ட நாளில் எதுவுமே இல்லாமல் எடுப்பதை முடக்குவாதத்துக்கு நான் விரும்புவதில்லை. மாத்திரை இல்லாத நாளில் மூட்டு வலி தலைதூக்கும், நீங்களும் சோர்ந்துபோவீர்கள். முழு அளவையும் காலை உணவுக்குப் பின் ஒரே வேளையில் எடுங்கள். இரவில் எடுத்தால், விடியற்காலையில் இயல்பாகச் சுரக்க வேண்டிய கார்டிசாலை அது மேலும் அடக்கும், தூக்கமும் கெடும்.

குறைக்கத் தொடங்கியபின் வரும் வலி எதனுடையது என்று தெரியாமல்தான் பெரும்பாலோர் பாதியில் தோற்றுப்போகிறார்கள். மூன்று சாத்தியங்கள் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நோய் திரும்பியிருந்தால் அதை உங்கள் கையே சொல்லும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கி முஷ்டி பிடித்துப் பாருங்கள். முழுதாக மடங்குகிறதா? விரல் எலும்புகள் கைப்பகுதியோடு சேரும் முட்டிகளுக்கு இடையே இருக்கும் பள்ளங்கள் தெரிகின்றனவா, நிரம்பிப்போயிருக்கின்றனவா? கட்டைவிரலால் அழுத்தினால் வீக்கம் மெத்தென்று இருக்கிறதா? நேற்றுவரை சுலபமாகக் கழன்ற மோதிரம் இன்று இறுக்குகிறதா? விறைப்பு இளக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் ஏறியிருந்தால் நோய்தான். முந்தைய அளவுக்குத் திரும்பி, மற்ற மருந்தை வலுப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, குறைப்பினால் வரும் வலி. தசையெல்லாம் அடித்துப்போட்டதுபோல் இருக்கும், மூட்டும் வலிக்கும், ஆனால் வீங்காது. மனம் சோர்ந்து, சிலருக்கு அழுகையாக வரும். பசி குறையும். சிஆர்பி இயல்பாக இருக்கும். அன்றாடத் தேவைக்கு மேலான அளவில் ஸ்டீராய்டு உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே இது வரும், ஏனென்றால் உடம்பு அதிக அளவுக்குப் பழகிவிட்டிருக்கிறது. அளவைக் குறைத்த சில நாட்களில் தொடங்கி, பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாகத் தணியும். இதை நோய் என்று நினைத்து அளவைக் கூட்டிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். தாங்க முடியாவிட்டால் ஒரு படி மேலே போய், அங்கே சில வாரம் கூடுதலாக நின்று, பிறகு சிறிய படியாக இறங்கலாம்.

மூன்றாவது, கார்டிசால் பற்றாக்குறை. எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். குமட்டல், வயிற்று வலி, எடை இறக்கம், நாள் முழுக்க ஓய்வெடுத்தும் தீராத அசதி. ரத்தத்தில் சோடியம் குறையலாம். இதற்குக் காத்திருக்கவே கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். நீங்கள் அனுபவித்த அந்த மூன்று நாள், நோய் திரும்பிய வலியும் கலந்திருக்கலாம் என்றாலும், பெரும்பாலும் இந்த வகைதான். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் சரியானது அதற்கு வலுவான அறிகுறி.

குறைக்கும் காலம் முழுவதும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது, உடம்புக்கு முடியாத நாளில் என்ன செய்வது என்பது. ஆரோக்கியமானவரின் அட்ரினல் காய்ச்சலின்போது கூடுதலாகச் சுரக்கும், உங்களுடையதால் முடியாது. ஆகவே காய்ச்சல் இருக்கும் நாட்களில் அன்றைய அளவை இரட்டிப்பாக்கி, தணிந்ததும் பழைய அளவுக்கு வருவதுதான் பொதுவான முறை. உங்களுக்கான அளவை மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று போட வேண்டும். அதுவும் நிற்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசியும் ட்ரிப்ஸும் தேவைப்படும். ‘நான் நீண்டகாலமாக ஸ்டீராய்டு எடுப்பவர், திடீரென்று நிறுத்தக் கூடாது’ என்று எழுதிய அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். மயங்கிக் கிடக்கும்போது உங்களுக்காக அந்த அட்டைதான் பேசும். பல் பிடுங்குவதானாலும் சொல்லிவிடுங்கள். மாத்திரையை முழுதாக நிறுத்திய பிறகும் சுரப்பி மீண்டுவிட்டது என்று பரிசோதனையில் உறுதியாகும்வரை இந்த எச்சரிக்கை தொடர வேண்டும். அதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

வேறு சில விஷயங்களையும் கவனியுங்கள். ஸ்டீராய்டு குறையக் குறைய சர்க்கரையும் இறங்கும். சர்க்கரைக்கான மாத்திரை, இன்சுலின் அளவைப் பழையபடியே விட்டால் தாழ்சர்க்கரை வரும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் சில நாட்கள் அடிக்கடி பரிசோதியுங்கள். பிபி மாத்திரைக்கும் இதே கவனம் வேண்டும். நான்கு வருட ஸ்டீராய்டு எலும்பைக் கரைத்திருக்கும், அதுவும் மாதவிடாய் நிற்கும் வயதில். எலும்பு அடர்த்தி ஸ்கேனும் கண்புரை, கண்ணழுத்தப் பரிசோதனையும் இதுவரை எடுக்கவில்லை என்றால் இனியும் தள்ளிப்போடாதீர்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின் போன்றவை ஸ்டீராய்டை வேகமாகக் கழித்துவிடும். இவற்றில் எதையாவது புதிதாகத் தொடங்கினால் அளவைத் திருத்த வேண்டும். மூட்டு வலிக்கு என்று பெயர் இல்லாத பொட்டலத்தில் வரும் பொடிகளைத் தொடாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டே மாத்திரையைக் குறைத்தால் நீங்களும் ஏமாறுவீர்கள், மருத்துவரும் ஏமாறுவார்.

முழுதாக நிறுத்த முடியுமா என்பதற்கு, 5 மி.கி. அளவுக்கு வந்தபின் காலை 8, 9 மணிக்கு எடுக்கும் கார்டிசால் ரத்தப் பரிசோதனை பதில் சொல்லும். அது டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது, நிறுத்தலாம். 5 மைக்ரோகிராமுக்கும் கீழே இருந்தால் இன்னும் சில மாதம் அதே அளவில் இருந்து மறுபடி பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் சில வாரம் பொறுத்து மறுபடி எடுக்கலாம், அல்லது ஏசிடிஎச் ஊசி போட்டுச் சுரப்பி எவ்வளவு பதில் கொடுக்கிறது என்று பார்க்கலாம். கருத்தடை மாத்திரை அல்லது ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு சிலருக்குச் சுரப்பி மீளாமலே போவதும் உண்டு. நோயே 3, 4 மி.கி.க்குக் கீழே இறங்க விடாத முடக்குவாதமும் உண்டு. அப்படியானால் அந்தச் சிறிய அளவில் தொடர்வதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம், 10 மி.கி.யோடு ஒப்பிட்டால் அது உங்கள் உடம்புக்குப் பெரிய விடுதலை. பரிசோதனைக்குப் போகும் அன்று காலை மாத்திரையைப் போடாமல் போங்கள், முந்தைய அளவுக்கு 24 மணி நேர இடைவெளி இருக்க வேண்டும், இல்லையென்றால் மாத்திரையும் கார்டிசாலாகக் கணக்கில் சேர்ந்துவிடும். மாத்திரையைக் கையோடு எடுத்துச்சென்று, ரத்தம் கொடுத்த உடனே ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.