வாட்ச் பெசலில் அழிந்துபோன எண்களுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்க முடியுமா?

முடியும், ஆனால் எண்கள் பள்ளமாகச் செதுக்கப்பட்டிருந்தால் மட்டும். பெசல் என்பது கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம். நகத்தால் வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்படாவிட்டால் எண்கள் அச்சிட்டவை, இந்த முறை உதவாது.

டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட் தேய்த்து மேலே துடைப்பதைப் போன்றதுதான் இது. கோடு பிசகாமல் வரையத் தேவையில்லை. வழிய நிரப்பி, மிச்சத்தைத் துடைத்தால் போதும்.

முதலில் பழைய பெயின்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பல்குச்சியால் சுரண்டி எடுங்கள். பிசுக்கு இருந்தால் புதுப் பெயின்ட் ஒட்டாது. ஸ்டீல் பெசலைக் கழற்ற முடிந்தால் அசிட்டோனில் துடைக்கலாம். கழற்ற முடியாவிட்டால் அசிட்டோன் வேண்டாம், பிளாஸ்டிக் கண்ணாடி மங்கிவிடும்.

பொம்மை மாடல்களுக்கு அடிக்கும் எனாமல் பெயின்டை, பல்குச்சி முனையில் ஒரு சொட்டு எடுத்துப் பள்ளத்தில் விடுங்கள். மேற்பரப்பு லேசாக இறுகியதும் துடைக்க வேண்டும். பலர் சொதப்புவது இங்கேதான்: பஞ்சு பள்ளத்துக்குள் இறங்கிப் பெயின்டையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பில் மெல்லிய துணியை இறுக்கிச் சுற்றி, தின்னரில் ஈரம் படும் அளவுக்கு மட்டும் தொட்டு, தட்டையாக ஒரே இழுப்பு.

காயும்போது கரைப்பான் ஆவியாவதால் பெயின்ட் சுருங்கிக் குழி விழும். ஒரு நாள் விட்டு இரண்டாம் பூச்சு கொடுங்கள்.

நெயில் பாலிஷே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சட்டென்று தோல் கட்டிவிடும். துடைக்கும்போது பள்ளத்தில் இருப்பதும் சேர்ந்து உரிந்து வரும்.