சோப்புக்கு வாங்கிய வாசனை எண்ணெயை லிப் பாமில் சேர்க்கலாமா?

வேண்டாம். உதட்டில் பூசுவதில் கொஞ்சம் வயிற்றுக்குள்ளும் போகும். அந்த எண்ணெய் அதற்காகச் செய்ததல்ல. பன்னீரும் சரிவராது, எண்ணெயோடு கலக்காமல் தனியாக நிற்கும்.

தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் மூன்று பங்கு. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். மெழுகு 62-64 டிகிரி செல்சியஸில்தான் இளகும். இறக்கிக் கொஞ்சம் ஆறியதும், ஆனால் உறைவதற்குள், 30 கிராமுக்கு இரண்டு சொட்டு புதினா எண்ணெய் போதும். கை தாராளமானால் உதடு எரியும், பட்டவன் சொல்கிறேன். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் பூசி வெயிலில் போனால் தோல் புண்ணாகலாம், அதைத் தொடாதீர்கள்.

சோப்பு கதை வேறு. காஸ்டிக் சோடா சேர்த்துச் செய்யும்போது ஆரஞ்சு மணம் சீக்கிரம் மங்கிவிடும், வெட்டிவேர் எண்ணெய் நின்று மணக்கும். அப்புறம், வெனிலா சேர்த்த வெள்ளைச் சோப்பு நாளடைவில் பழுப்பாகும். கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள்.