நம் புளோக்கும் போதைப்பொருளும்: கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள்

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் 14 வருடமாகத் தொண்டூழியம் செய்கிறேன். போதைப்பொருள் வழக்கில் உள்ளே போனவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, வெளியே வந்தவர்களோடு காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசுவது, இதுதான் என் வேலை. நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பார்த்ததையும் தெரிந்ததையும் மட்டும் சொல்கிறேன்.

உட்லண்ட்ஸ்காரர்: சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கும்போது அக்கம்பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு இதில் என்ன வேலை அண்ணே?

நல்ல கேள்வி. மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு 1971இல் வந்தது. அதற்கு அடுத்த வருடமே தொண்டூழியர்களை நம்பி ஒரு சங்கமும் வந்துவிட்டது, சானா என்று நாம் சொல்கிறோமே, சிங்கப்பூர் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கம், அதுதான். எழுபதுகளில் ஹெராயின் தலைவிரித்து ஆடி, 1977இல் 'ஃபெரட்' நடவடிக்கையில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்த காலத்தில்கூட, பிடிக்கிற கை ஒன்று, பிறகு கூட நிற்கிற கை இன்னொன்று என்றுதான் இருந்தது. காரணம் சிம்பிள். சாங்கி சிறையிலிருந்து வெளியே வருகிறவன் நேராக வருவது நம் அடுக்குமாடி புளோக்குக்குத்தான். அதே லிஃப்ட், அதே காப்பிக்கடை, அதே பழைய கூட்டாளி. அங்கே அதிகாரி யாரும் கூட வரமாட்டார்.

1998இல் விடுதலையானவர்களில் 44 விழுக்காட்டினர் இரண்டு வருடத்துக்குள் மறுபடி உள்ளே போனார்கள். இப்போது அது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். (இது எல்லாவிதக் குற்றங்களும் சேர்ந்த கணக்கு, போதைப்பொருள் மட்டும் இல்லை.) சிறையிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கச் சொல்லி 2004இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆட்களைப் பிடித்ததால் மட்டும் குறைந்தது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பமாட்டேன்.

பெயர் வேண்டாம், ஓர் அம்மா: மகனுக்கு 17 வயது. பையில் மின்சிகரெட் இருந்தது. கேபாட் என்று பயமாக இருக்கிறது. வெளியே சொன்னால் அவன் வாழ்க்கை போய்விடுமா?

அக்கா, முதலில் மூச்சு விடுங்கள். கேபாட் என்பது மருந்து கலந்த மின்சிகரெட், அதில் பெரும்பாலும் இருப்பது எட்டோமிடேட், ஆஸ்பத்திரியில் ஆளை மயக்கத்துக்குக் கொண்டுபோகிற மருந்து. 2025 செப்டம்பர் 1 முதல் அதை 'சி' வகைப் போதைப்பொருளாகப் பட்டியலிட்டார்கள். அப்போதே இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னார்கள்: மாட்டிக்கொள்வதற்கு முன்னால் தானாக வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை. அதற்குத்தான் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குவிட்லைன் இருக்கிறது, எண் 1800 438 2000. அவனையே பேச வைத்தால் நல்லது, முடியாவிட்டால் நீங்கள் பேசுங்கள். தள்ளாடி நடக்கிறானா, கை நடுங்குகிறதா, கூப்பிட்டால் எங்கேயோ பார்க்கிறானா என்று கவனியுங்கள். மயங்கி விழுந்தால் யோசிக்கவே வேண்டாம், 995.

பை தடவிப் பார்த்ததை அவனிடம் மறைக்காதீர்கள், ஆனால் அதையே சண்டையாகவும் ஆக்காதீர்கள். நான் பார்த்த வரைக்கும் முதல் ராத்திரி அடித்து உதைத்த வீடுகளில் பையன் நிறுத்தவில்லை, ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். மனநலக் கழகம் 2022இல் எடுத்த ஆய்வில், போதைப்பொருளைத் தொட்டவர்கள் முதன்முதலில் தொட்ட சராசரி வயது 15.9. அதாவது உங்கள் மகன் ஒன்றும் விதிவிலக்கு இல்லை, உங்கள் வளர்ப்பும் கெட்டுப்போகவில்லை.

தேசிய சேவை முடித்த தம்பி: பாங்காக்கில் கஞ்சாவைத் திறந்துவிட்டார்களே, அங்கே இழுத்தால் இங்கே என்ன செய்யமுடியும்?

எல்லாம் செய்யமுடியும் தம்பி. குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் எடுத்தாலும் இங்கே எடுத்ததாகத்தான் சட்டம் பார்க்கும். சிறுநீரில் போய்விட்டது என்று நினைத்தால் முடியில் இருக்கும். தாய்லாந்து 2022இல் திறந்ததால் நம் சட்டம் மாறவில்லை. அவர்களே பிறகு கையை இறுக்கிக்கொண்டார்கள்.

தொண்டூழியராக யோசிக்கும் ஒருவர்: வீட்டுக்குப் போவது என்றால் நிஜமாக என்ன செய்வீர்கள்?

இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தேன். 2010இல் மஞ்சள் ரிப்பன் சமூகத் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. உள்ளே போனவர் சம்மதித்தால் அவர் குடும்பம் இருக்கும் வட்டாரத்தின் அடித்தளத் தொண்டூழியர்கள் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். அவர் செய்த குற்றத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. அரிசி இருக்கிறதா, வாடகை பாக்கியா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, சிறைக்குப் போய்ப் பார்க்க நாள் பதிவுசெய்யத் தெரிகிறதா, இவ்வளவுதான்.

என் முதல் வீட்டை மறக்கமுடியாது. ஒரு பாட்டி, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு திறக்கவே மாட்டேன் என்றார். வட்டிக்காரன் அனுப்பிய ஆள் என்று நினைத்துவிட்டார், கடனைக் கேட்டு மிரட்ட அவர்கள் ஊற்றும் சிவப்புச் சாயம் ஏற்கெனவே ஒருமுறை கதவில் விழுந்திருந்ததாம். கேட்டு வழியாகவே அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவரே நாற்காலி போட்டார். மருமகள் ஓடிப்போய்விட்டாள், மகன் உள்ளே, இரண்டு பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாதம் எப்படி ஓட்டுகிறார் என்று அப்புறம்தான் சொன்னார். சமூக சேவை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம், பிள்ளைகளை இந்தியச் சமூகத்துக்கான உதவி அமைப்பான சிண்டாவின் துணைப்பாட வகுப்பில் சேர்த்தோம். பெரிய காரியம் ஒன்றும் இல்லை, படிவம் நிரப்புவதுதான் பாதி வேலை. ஆனால் மகன் வெளியே வந்த அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி "எங்கம்மாவுக்கு அந்தப் படிவத்தை நிரப்பியது நீங்களா?" என்பதுதான். அதற்குப் பிறகு நான் எது சொன்னாலும் காதில் வாங்கினான். உள்ளே இருக்கும்போது எத்தனை கவுன்சலிங் கொடுத்தாலும் இந்த நம்பிக்கை வராது.

ஒன்று, வாரக் கடைசியில் மட்டும் நேரம் இருந்தாலும் போதும். ஆனால் ஒருமுறை போய்ப் படம் எடுத்துவிட்டு வருவதற்கு ஆள் தேவையில்லை, அப்படி நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன்.

ஈசூன் வாசி: கீழ்த்தளத்தில் சாமான் கை மாறுவது தெரியும். சொன்னால் காட்டிக்கொடுத்த பாவமா?

விற்கிறவனைச் சொல்வதில் என்ன பாவம்? ஒழிப்புப் பிரிவின் எண் 1800 325 6666, எந்நேரமும் எடுப்பார்கள். நீங்களே போய்த் தட்டிக்கேட்காதீர்கள், அது வேறு வம்பு. ஆனால் தொண்டூழியரையும் உளவாளியையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். குடும்பத்தைப் பார்க்கப் போகிறவன் வேவு பார்க்கிறான் என்று ஒரு புளோக்கில் பேச்சு கிளம்பிவிட்டால், அந்தப் புளோக்கில் ஒரு கதவும் திறக்காது.

ஒரு தங்கை: போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்துக்குப் போனால் குற்றப்பதிவு வருமா? டாக்டரிடம் சொன்னால் ரகசியமா?

மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்படுவது நீதிமன்றத் தண்டனை இல்லை, குற்றப்பதிவு வராது. 2019இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, எடுத்தது தவிர வேறு குற்றம் இல்லாதவர்களை மூன்றாம் முறை பிடிபட்டாலும் அங்கே அனுப்ப வழி இருக்கிறது. வெளியே வந்தபின் ஐந்து வருடம் வரை கண்காணிப்பு உண்டு, சிறுநீர்ப் பரிசோதனைக்கு வராமல் விட்டால் அதுவே குற்றம்.

டாக்டர் விஷயத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஹெராயின், ஐஸ் (மெத்தாம்ஃபெட்டமின்) மாதிரிப் பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டார் என்று டாக்டருக்குப் பட்டால் ஏழு நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. அதனால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் முதல்முறை எடுத்தவர் தானாகப் போய் நின்றால் வழக்குப் போடுவதில்லை, சிகிச்சைதான். அதையும் சேர்த்து யோசியுங்கள்.

தேக்கா அக்கா: மலாய்ச் சமூகத்தில் பள்ளிவாசல்வரை பேசுகிறார்கள். நாம் ஏன் வாயே திறப்பதில்லை?

நீங்கள் சொல்வது உண்மை. 2017இல் 'டாடா இத்து ஹராம்', அதாவது போதைப்பொருள் மார்க்கத்தில் விலக்கப்பட்டது, என்று தொடங்கி அவர்கள் நேராகவே பேசினார்கள். நம்மிடம் எதுவும் இல்லை என்று சொல்லமுடியாது. இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ஆசிரமம் என்கிற இடைநிலை இல்லம் (சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கும் இடம்) இருக்கிறது, சிண்டா இருக்கிறது. ஆனால் பொங்கல் விழா மேடையில் இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசட்டுமா என்று கேட்டால், "நல்ல நாளும் அதுவுமாக இது எதற்கு?" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். மகன் உள்ளே இருப்பதைச் சொல்லாமல் "மலேசியாவில் வேலை" என்று சொல்லும் வீடுகள் எத்தனை! அந்தப் பொய்யைக் காப்பாற்றவே அந்த அம்மா பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகமாட்டாள், கோவிலுக்கும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவாள். கடைசியில் சிறையில் இருப்பது மகன் மட்டும் இல்லை.

சின்னச் சாப்பாட்டுக் கடைக்காரர்: ஆள் தேவை. சிறையிலிருந்து வந்த ஒருவரை எடுக்கலாமா, கல்லாவை நம்பி விடலாமா?

எடுங்கள். வேலை தேடித்தர யெல்லோ ரிப்பன் சிங்கப்பூர் அமைப்பு இருக்கிறது, அவர்களோடு பேசுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை நாளில் போய்வர நேரம் விடவேண்டும், அதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள், சம்பள நாளன்று கொஞ்சம் கவனமாக இருங்கள், கையில் காசு வரும்போதுதான் பழைய கூட்டாளிகள் போன் அடிப்பார்கள். கல்லாவைப் பற்றிக் கேட்டீர்கள். எந்தப் புது ஆளையும் முதல் மாதமே கல்லாவில் உட்காரவைப்பீர்களா? அதே அளவுதான் இவருக்கும்.