ஈசிஎம்மா, புளிய இலையா?

கேள்வி: சென்னையில் செகண்ட் ஹேண்டாக ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி இரண்டு வருடமாக ஓட்டுகிறேன் ஐயா. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தொல்லை. கும்பகோணத்தில் எடுத்தால், பாபநாசம் வருவதற்குள் இன்ஜின் பட்டென்று அணைந்துவிடுகிறது. செல்ஃப் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. முக்கால் மணி நேரம் ஓரமாக நிறுத்திவைத்தால் தானாகச் சரியாகிவிடும். ஸ்கேனரில் யு0100 என்ற பழுது எண் வருகிறது. இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டியான ஈசிஎம் போய்விட்டது, புதிது போட ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள் தம்பி. யு0100 என்பது ஈசிஎம் கொடுத்த வாக்குமூலம் இல்லை. 'இன்ஜின் பெட்டியோடு பேச முடியவில்லை' என்று பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் போன்ற மற்ற பெட்டிகள் எழுதிவைத்த புகார். ஈசிஎம் செத்தாலும் அந்தப் புகார் வரும், அதற்குக் கரண்ட் வராமல் போனாலும் வரும். உள்ளே பழுது என்றால் பி0601, பி0606 மாதிரி எண்களை, உயிர் இருக்கும்வரை, அதுவே சொல்லும்.

முதலில், கார் நின்றுபோன அந்த முக்கால் மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது கார் சமத்தாகிவிடும், காய்ச்சல்காரப் பிள்ளை டாக்டர் வாசலில் ஓடி விளையாடுகிற மாதிரி. ஒரு ஸ்கேனரைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் மாட்டிப் பாருங்கள். ஈசிஎம் பேசுகிறது, ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்யம் என்றால், சந்தேகம், இன்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல். சூடானால் படுத்து, ஆறினால் எழுந்திருப்பது அதன் பழைய குணம். மற்ற பெட்டிகள் பேசி ஈசிஎம் மட்டும் ஊமையாக இருந்தால், அதற்கு வரும் கரண்ட், எர்த், பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுகிற கேன் வயர் மூன்றையும் பார்த்த பிறகுதான் பெட்டியைக் குறை சொல்லலாம்.

காரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று எழுதவில்லையே? பல ஜெர்மன் கார்களில் ஈசிஎம், முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் தட்டுக்கு அடியில் இருக்கும். கண்ணாடியில் வழிகிற மழைத்தண்ணீர் வடிகிற தொட்டியும் அதுதான். திருவையாற்றுப் பக்கம் புளியமரத்தடியில் நின்ற ஒரு காருக்கு அந்தத் தட்டைக் கழற்றினேன். பொடி இலையெல்லாம் ஊறி டீத்தூள் சக்கை மாதிரி வடிகால் துளையில் அப்பிக் கிடந்தது. இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். ஈசிஎம் பிளக்கை உருவினால் நாலைந்து பின்களில் பச்சைக் களிம்பு. துளையைக் குத்திவிட்டு, பின்களைச் சுத்தம் செய்து, இற்றுப்போன இரண்டு டெர்மினலை மாற்றினோம். அவ்வளவுதான், அந்தக் கார் இன்றும் ஓடுகிறது.

இங்கே ஒரு ஏமாற்று உண்டு. பிளக்கில் மல்ட்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் காட்டும்! அதனால் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை பவர் வயருக்கும் ஈசிஎம்முடைய எர்த் வயருக்கும் நடுவில் கொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் இரண்டும் நல்லது. மங்கினால் மெயின் ரிலே, ஃபியூஸ், எர்த் போல்ட் என்று பின்னாலேயே போங்கள். மெல்லிய சென்சார் வயர்களில் மட்டும் பல்பை வைக்காதீர்கள், அங்கே மீட்டர்தான். கேன் வயருக்கு, பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவில் அளந்தால் பெரும்பாலும் 60 ஓம் அளவில் வரும். 120 வந்தால் எங்கேயோ அறுந்திருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து வயல் எலிகள் ஊருக்குள் வந்து வயரைக் கடிக்கிற தை மாசத்தில் இதை நான் முதலில் பார்ப்பேன்.

இவ்வளவும் சரியாக இருந்து, அணைந்த நேரத்தில் ஈசிஎம் மேல் கூலிங் ஸ்ப்ரே அடித்தால் உயிர் வருகிறது என்றால், உள்ளே சால்டர் விரிசல் விட்டிருக்கலாம். அப்போதும் புதிதுக்கு ஓடாதீர்கள். போர்டு வேலை தெரிந்தவர் சரிசெய்தால் புதுப் பெட்டியில் காரின் தகவலை ஏற்றுகிற கோடிங் தலைவலியே இல்லை.

மாற்றத்தான் வேண்டும் என்றால், சென்னை புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் மாட்டியவுடன் ஓடாது. திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசர் அதை அந்நியனாகப் பார்க்கும். பழைய ஈசிஎம்மில் இருக்கும் தகவலைப் படித்து இதில் ஏற்ற வேண்டும், அதனால் பழையதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். ஏற்றும்போது பேட்டரிக்குச் சப்ளை மாட்டியிருக்க வேண்டும். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் வாங்கி வந்த பெட்டியும் போய்விடும். பழையது ஏன் போனது என்றும் பாருங்கள். ஷார்ட் ஆன ஒரு இக்னிஷன் காயில், ஈசிஎம்முக்குள் தன்னை இயக்குகிற டிரைவர் சில்லைக் கருக்கியிருந்தால், மாட்டுகிற அடுத்த பெட்டியையும் கருக்கும்.

எனக்கும் இது தெரியாத காலம் உண்டு. ஒரு வாடிக்கையாளருக்குக் கடன் வாங்க வைத்து ஈசிஎம் மாற்றினேன். மறுநாளே வண்டி அதே இடத்தில் நின்றது. கியர்பாக்ஸ் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தது. அவர் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கேள்வி: பேட்டரியைக் கழற்றினால் ஈசிஎம் எல்லாவற்றையும் மறந்துவிடுமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: சாவி, சேஸிஸ் நம்பர் எல்லாம் அழியாதும்மா. பெட்ரோல் அளவுக்கு அது பழகிவைத்த கணக்கு மட்டும் பல கார்களில் போகும். கொஞ்ச நாள் ஐடிலிங் தடுமாறும், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும். ரேடியோ கோட் கேட்டால் சர்வீஸ் புத்தகத்தில் தேடுங்கள்.