காய்ந்த முடியில் வெட்டுவீர்களா என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: அக்கா, நாங்கள் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்நேவில் இருக்கிறோம். மகளோடு படிக்கிற பிள்ளை ஒருத்தி அட்லாண்டாவில் இருந்து ஒரு செமஸ்டருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். கறுப்பினப் பிள்ளை, மருந்து எதுவும் போடாத, பிறந்தபடியே இருக்கிற சுருள் முடி. வந்ததில் இருந்து வெட்டவில்லை, நுனியெல்லாம் சிக்குப் பிடிக்கிறது என்கிறாள். யூனிவர்சிட்டிக்குப் பக்கத்தில் உள்ள சலூனில் "இந்த முடி நாங்கள் செய்வதில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். ஆப்பிரிக்க முடிக்கடைகள் நிறைந்த ஷாத்தோ தோ மெட்ரோவில் இறங்கினால் நாலு பேர் சூழ்ந்துகொண்டு கூப்பிட்டார்களாம், பயந்து திரும்பிவிட்டாள். எங்கே கூட்டிக்கொண்டு போவது, என்ன சொல்லிக் கேட்பது? இல்லை, நானே வெட்டிவிடலாமா? நல்லெண்ணெய் வைத்தால் சரியாகுமா?

பதில்: தங்கச்சி, நீங்கள் லாச்சப்பலில் மரக்கறி வாங்குகிற அதே ஃபோபூர் சான் தெனி தெருவைப் பிடித்துத் தெற்கே நடந்தால், கார் து நோர், கார் த லெஸ்த் என்ற இரண்டு ரயில் நிலையங்களையும் தாண்டி, அரை மணிக்குள் ஷாத்தோ தோ வந்துவிடும். நம் தமிழ்க் கடைத்தெருவும் ஆப்பிரிக்கர்களின் கடைத்தெருவும் ஒரே தெருவின் இரண்டு முனைகள் மாதிரி. மெட்ரோ வாசலில் நின்று கூப்பிடுகிறவர்கள் கடைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள். "நோன் மெர்சி" (வேண்டாம், நன்றி) சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தால் விட்டுவிடுவார்கள். பயப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் அங்கே போனாலே காரியம் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே ஸ்ட்ராஸ்பூர் பூல்வார் என்கிற பெருந்தெருவில் இருக்கிற கடைகளில் பெரும்பாலானவற்றின் கை பின்னலில்தான். பின்னுவார்கள், செயற்கை முடி தைப்பார்கள், மருந்து போட்டு முடியை நீட்டுவார்கள். இயற்கைச் சுருளைச் சுருளாகவே வைத்து வெட்டுவது வேறு கை. ஒரே தெரு, ஒரே நிறம் என்பதற்காக அந்தக் கை எல்லாக் கடையிலும் இருக்காது. இன்னொன்று, அங்கே பலர் தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வேலை செய்கிறவர்கள். 2014-ல் அதே பூல்வாரில் 57-ஆம் இலக்கக் கடையில் வேலை செய்தவர்கள் சம்பளமும் விசாவும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது பாரிஸில் பெரிய செய்தி. அப்படி ஓடி ஓடி உழைக்கிற இடத்தில் ஒரு தலைக்கு ஒன்றரை மணி நேரம் செலவழிக்கச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? பிள்ளை பின்னிக்கொள்ளப் போகிறாள் என்றால் தாராளமாகப் போகட்டும். ஆண்பிள்ளைபோல ஒட்ட வெட்டிப் பக்கங்களைக் கீழே போகப் போகக் குட்டையாக்க வேண்டுமென்றால், அங்குள்ள பார்பர்களின் கை அபாரம். நுனி மட்டும் என்றால், 'ஷ்வு தெக்ஸ்த்யுரே' (சுருள் முடி) அல்லது 'ஆஃப்ரோ' என்று போட்டுத் தேடி, முன்பதிவு வாங்குகிற சலூனாகப் பாருங்கள்.

போனில் ஒரே ஒரு கேள்வி போதும்: "வு கூப்பே ஆ செக், ஊ முய்யே?" காய்ந்த முடியில் வெட்டுவீர்களா, நனைத்து வெட்டுவீர்களா?

இதில் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டு ஒரு கற்றையை நுனியில் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். தோள் வரை வரும். விட்டால் காதுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். 20 சென்டிமீட்டர் முடி 7 சென்டிமீட்டராகத் தெரிவது இந்த முடியில் சாதாரணம். அதோடு ஒரே தலையில் பிடரி ஒரு மாதிரிச் சுருளும், உச்சி இன்னொரு மாதிரிச் சுருளும். நனைத்தால் எல்லாம் கனத்துத் தொங்கி ஒரே நீளமாகத் தெரியும். அந்த நேரத்தில் நேர்கோடாக வெட்டினால், காய்ந்ததும் ஒவ்வொரு பக்கமும் அதனதன் இஷ்டத்துக்குச் சுருங்கும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. தொழிலுக்கு வந்த முதல் வருடம், நம் பெண்களின் முடியை வெட்டிப் பழகிய தைரியத்தில், கரீபியன் தீவான மார்த்தினிக்கைச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு நனைத்து இரண்டு சென்டிமீட்டர்தான் எடுத்தேன். காய வைத்ததும் இடது பக்கம் காதுக்குக் கீழே நின்றது, வலது பக்கம் காதுக்கு மேலே போய்விட்டது. அவள் கண்ணாடியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. காசு வாங்க எனக்குக் கை வரவில்லை.

அந்தக் கேள்விக்கு இரண்டு நல்ல பதில்கள் உண்டு. ஒன்று, காய்ந்த சுருளை அப்படியே வைத்து, உருவம் பார்த்து வெட்டுவது. அவள் எப்போதும் சுருளாகவே விடுகிறவள் என்றால் இதுதான் நல்லது. மற்றது, முடி உலர்த்தியின் சூடான காற்றில் இழுத்து நீட்டிவிட்டு ஒரே மட்டமாக வெட்டுவது. சில நாள் நீட்டியும் வைத்துக்கொள்கிறவளுக்கு இது சரி. ஆனால் சூட்டைக் கூட்டிவிட்டால் சில சுருள்கள் பழையபடி திரும்பாது, அதனால் குறைந்த சூடு போதும் என்று சொல்ல வேண்டும். இந்தக் காற்று வேலைக்கு இங்கே பேர் 'பிரஷிங்'. "எல்லா முடியும் எங்களுக்கு ஒன்றுதான்" என்று சொல்லும் கடைக்குப் போக வேண்டாம். பிரான்சில் இந்தத் தொழிலுக்கான சேஆபே படிப்பில் இந்த முடி நீண்ட காலம் கட்டாயப் பாடமாக இருந்ததில்லை. தனியாகத் தேடிக் கற்றவர்களுக்குத்தான் தெரியும். அந்த யூனிவர்சிட்டிப் பக்கத்துச் சலூன் சொன்ன விதம் முகத்தில் அடித்தது மாதிரித்தான். ஆனாலும் தெரியாமல் கத்தரி வைத்ததை விட அது மேல்.

அவள் அமெரிக்கப் பிள்ளை, இஞ்சுக் கணக்கில் பேசுவாள். ஒரு இஞ்சு என்றால் இரண்டரை சென்டிமீட்டர். சுருங்கும் முடியில் அது பெரிய நீளம். "ஜூஸ்த் லே புவான்த், அன் சான்திமெத்ர்" (நுனி மட்டும், ஒரு சென்டிமீட்டர்) என்று சொல்லிவிட்டு, விரலிலும் காட்டச் சொல்லுங்கள். பிடரியில் ஒரு கற்றையை மட்டும் முதலில் வெட்டி, சுருள விட்டுப் பார்த்துவிட்டு மேலே போகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நடிகை படம் கொண்டுபோவதை விட, அவளுடைய தலையே அவளுக்குப் பிடித்த நீளத்தில் இருந்த பழைய படம் இருந்தால் நல்லது. முதல் நாள் கழுவி, சிக்கெடுத்து, க்ரீம் எதுவும் அதிகம் பூசாமல் போகட்டும். அங்கே சீப்பு நுனியில் இருந்து மேல்நோக்கி ஏற வேண்டும். வேரில் இருந்து இழுத்தால் அறுந்துபோகும். சவரக் கத்தி வேண்டாம், முடியை மெலிதாக்கும் பல் கத்தரியும் வேண்டாம்.

"கொஞ்சம் 'தெஃப்ரிஸாஜ்' (முடியை நீட்டுகிற மருந்து) போட்டால் வெட்டச் சுலபம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடட்டும். அது முடிக்குள் இருக்கிற கந்தகப் பிணைப்பையே உடைக்கிற மருந்து. தண்ணீர் பட்டால் திரும்புகிற நீட்டல் இல்லை. புதிதாக முளைத்து வருகிற முடிதான் மறுபடி சுருளும், பழையதை ஒருநாள் வெட்டி எறிய வேண்டிவரும்.

விலையையும் உட்காரும் முன்னரே கேளுங்கள். இங்கே சலூன்கள் விலைப்பட்டியலை வெளியில் தெரிகிற மாதிரி மாட்ட வேண்டும் என்பது சட்டம். 25 யூரோவில் இருந்து ரசீதும் தர வேண்டும். செவ்வாய், புதன் காலையில் போனால் ஆறுதலாகச் செய்வார்கள். சனிக்கிழமை போகவே வேண்டாம்.

நல்லெண்ணெய் பற்றி. இந்த முடியில் தலைச்சுரப்பு எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிக்குப் போய்ச் சேராது, அதனால் நுனி எப்போதும் வறளும். எண்ணெய் ஈரத்தைப் பூட்டி வைக்கும், ஈரத்தைக் கொடுக்காது. முதலில் தண்ணீரும் கண்டிஷனரும், அப்புறம் வேண்டுமென்றால் ஒரு சொட்டு எண்ணெய். பாரிஸ் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தில் அடியில் படிகிறதே, அதுதான் தலையிலும் படிகிறது. வந்ததில் இருந்து சிக்குவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சுண்ணாம்பை எடுக்கிற ஷாம்பு ஒன்றை மாதம் ஒருதடவை போட்டுப் பார்க்கட்டும். நீங்கள் எண்ணெய்ப் போத்தலோடு போய்த் தலையில் கை வைப்பதற்கு முன்னர் அவளைக் கேளுங்கள். கேட்காமல் வருகிறவன் போகிறவன் எல்லாம் தொட்டுப் பார்த்து அந்தப் பிள்ளைகளுக்கு அலுத்துப் போயிருக்கும்.

நீங்களே வெட்டலாமா? உருவம் வைத்து வெட்ட வேண்டாம். ஆனால் நுனியில் தையல் நூல் முடிச்சு மாதிரிக் குட்டிக் குட்டி முடிச்சு இருக்கும், ஒற்றை முடி தன்னைத்தானே சுற்றிப் போட்ட முடிச்சு. ஜன்னல் வெளிச்சத்தில் அவளை உட்கார வைத்து, ஒரு கற்றையைத் திரித்துப் பிடித்து, முடிச்சுக்குச் சற்று மேலே 'டிக்' என்று வெட்டி விடுங்கள். அதற்குக் குசினிக் கத்தரி உதவாது. முடிக்கென்றே உள்ள கூர்க் கத்தரி ஒன்று வாங்கி, அதில் கடுதாசி, பால் பெட்டி எதுவும் வெட்டாமல் ஒளித்து வையுங்கள்.